எண்ணெய்க் கழிவுநீரில் பற்றீரியா வேலை செய்யாதபோது: குறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எதுவும் இல்லை. நாட்டின் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தையில் இருக்கிறது. மன்னார்க் கடற்படுகையில் 2011இல் கண்டறியப்பட்ட இயற்கை வாயுவோ இன்னும் கடலுக்கடியிலேயே கிடக்கிறது. ஆகவே இங்கே எண்ணெய்க் கழிவுநீர் என்பது பெரும்பாலும் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரமாக வரிசையாக நிற்கும் வாகனச் சேவை நிலையங்களிலும், பேருந்துச் சாலைகளிலும், உழவு இயந்திரம் திருத்தும் கராஜ்களிலும் கழுவி விடப்படும் தண்ணீரே. அளவு சிறிதானாலும் அதைச் சுத்திகரிக்கும் முறை ஆலையில் உள்ளதுதான்: முதலில் மண்ணைப் பிடிக்கும் குழி, அடுத்து எண்ணெயை மேலே மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டி, அதன் பின்னர் பற்றீரியா வாழும் காற்றூட்டல் தொட்டி, கடைசியாக உயிர்ச்சேறு, அதாவது பற்றீரியாத் திரள், அடியில் படியும் தொட்டி.

இந்த வரிசையில் பற்றீரியாவுக்கு உரிய வேலை எது என்பது தெளிவாக இருந்தால் பாதிப் பிழைகள் தோன்றவே மாட்டா. மிதக்கும் எண்ணெயைத் தின்பது அவற்றின் வேலையன்று. தண்ணீரில் கரைந்தும் மிக நுண்ணிய துளிகளாகவும் மிஞ்சுகின்ற ஐதரோகாபன்களை ஒட்சியேற்றிக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் தம் உடலாகவும் மாற்றுவதே அவற்றின் வேலை. நேர்ச்சங்கிலி ஐதரோகாபன்கள் விரைவில் சிதையும். வளைய அமைப்புடையவை தாமதிக்கும். பல வளையங்கள் ஒட்டியவை மிகவும் தாமதிக்கும். தார் போன்ற கனமான பகுதி ஏறக்குறைய அப்படியே எஞ்சும். ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில் முழுவதும் ஒட்சியேற ஏறத்தாழ 3 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். நமது வெப்பநிலையில் காற்றால் நிறைவுற்ற தண்ணீர் லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே வைத்திருக்கும் என்பதால், அந்த ஒரு லீற்றர் ஒயிலுக்கு 4 இலட்சம் லீற்றர் தண்ணீரில் உள்ள ஒட்சிசன் அத்தனையும் தேவைப்படும். வடிகட்டிய ஒயிலைப் பரலில் ஊற்றாமல் காணுக்குள் ஊற்றிவிட்டுப் பற்றீரியாவைக் குறை சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுவது நல்லது.

வன்னியில் இதில் கவனக்குறைவுக்கு இடமில்லாமைக்குக் காரணம் நிலத்தடி. வவுனியாப் பக்கத்தில் கருங்கற்பாறையின் மேலுள்ள ஆழமற்ற சிதைவுப் படையில் ஊறும் தண்ணீரையே கிணறுகள் தருகின்றன. முருங்கன், முழங்காவில் பக்கத்தில் சுண்ணக்கல் இருக்கிறது. இரண்டிலும் மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர அதிக காலம் எடுக்காது.

பின்வரும் குறிகளைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு லீற்றர் கண்ணாடி அளவுச்சாடி, பீ.எச். தாள், வெப்பமானி, கரைந்த ஒட்சிசன் மானி, நாளாந்தம் எழுதும் கொப்பி ஆகியவை போதும். இவற்றுள் முதலில் தொலைவது கொப்பி என்பதையும், பிழை வந்த பின்னர் அதிகம் தேடப்படுவதும் அதுவே என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

காற்றூட்டல் தொட்டியின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிகிறது

பிழை அநேகமாக இந்தத் தொட்டியில் இல்லை. முந்திய தொட்டியில் இருக்கிறது. எண்ணெய் பிரிக்கும் தொட்டியின் வெளிவாயிலில் ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையத் தண்ணீர் எடுத்து, அசையாத இடத்தில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் எண்ணெய் மேலே தனிப்படையாகக் கூடிக் கீழே தண்ணீர் தெளிந்திருந்தால், அது பிரியக்கூடிய எண்ணெய்தான். பிரிவதற்கு உங்கள் தொட்டி நேரம் கொடுக்கவில்லை. ஒன்றில் மேற்படையை நெடுநாள் வழித்தெடுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது அடியில் மண் நிரம்பித் தொட்டியின் கொள்ளளவு பாதியாகியிருக்கும், அல்லது ஒரே நேரத்தில் பல வாகனங்களைக் கழுவுவதால் தண்ணீர் பாய்ந்தோடும். சுத்திகரிப்பு ஆலைகளில் வழமையாக உள்ள புவியீர்ப்புப் பிரிப்பான்கூட 0.15 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துளிகளையே நம்பத்தக்க விதத்தில் பிரிக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. பெரும்போக அறுவடை முடிந்து உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் வயற்சேற்றுடன் வந்து நிற்கும் மாதங்களில், மண் பிடிக்கும் குழியை வழமையைவிட அடிக்கடி வெட்டி இறக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. எண்ணெய் பூசிய களி, தண்ணீரை விடப் பாரமாகவும் எண்ணெயை விடப் பிடிவாதமாகவும் அடியில் கிடக்கும்.

காலையிலும் போத்தல் பால் கலந்ததுபோல வெண்மையாகவே நின்றால் பிரச்சினை வேறு. அது பால்மம், வாகனம் கழுவும் ஷாம்புவும் கிறீஸ் நீக்கும் திரவமும் எண்ணெய்த் துளிகளைப் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருக்கின்றன. உயரழுத்தத்தில் பீச்சும் தண்ணீர் துளிகளை மேலும் நொறுக்குகிறது. இதற்கு முதல் மருந்து சவர்க்காரப் பாவனையைக் குறைப்பது. எஞ்சினைக் கழுவும் மேடையையும் வாகனத்தின் வெளிப்புறத்தைக் கழுவும் மேடையையும் பிரித்து, இரண்டின் காண்களையும் வெவ்வேறாக விட முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்படியும் பால்மம் எஞ்சினால் படிகாரத்தால் உடைக்கலாம். 10 கிராம் படிகாரத்தை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் கரைத்தால், அக்கரைசலின் 10 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் இருக்கும். ஐந்தாறு போத்தல்களில் ஒரு லீற்றர் வீதம் கழிவுநீரை எடுத்து, 5, 10, 15, 20 மில்லிலீற்றர் என ஏறுவரிசையில் அக்கரைசலை விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் வையுங்கள். தெளிந்த போத்தல்களுள் மிகக் குறைந்த அளவு விட்டது எதுவோ அதுவே உங்கள் அளவு. படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழித்துப் பீ.எச். பெறுமானத்தைக் கீழிறக்கும். நமது கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் வன்மையும் காரத்தன்மையும் கூடியது என்பதால் அளவோடு விட்டால் தாங்கும், எனினும் 6.5 இற்குக் கீழே போகிறதா என்று தாளால் பார்த்த பின்னரே பற்றீரியாவிடம் அனுப்ப வேண்டும். அடியில் படிந்த வெண்சாம்பல் பஞ்சு எண்ணெய்க் கழிவு. அதை உயிர்ச்சேற்றோடு சேர்க்கக் கூடாது.

எண்ணெய் போலத் தோன்றி எண்ணெயல்லாதவை இரண்டு உண்டு. வன்மையான தண்ணீரில் சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து மெழுகுபோன்ற சாம்பல்நிற ஆடையாக மிதக்கும். அதை எடுத்துக் காயவைத்தால் விரலிடையில் உதிரும், வானவில் நிறம் காட்டாது. மற்றையது வானவில் நிறத்தையே காட்டும்: இரும்பு கூடிய தண்ணீர் தேங்கும் காண்களில் இரும்புப் பற்றீரியா விரிக்கும் மென்படலம். ஒரு ஈர்க்கால் அதைக் கீறிப் பாருங்கள். பற்றீரியாப் படலம் கண்ணாடி உடைவதுபோலத் துண்டு துண்டாகி, உடைந்தபடியே மிதக்கும். எண்ணெய்ப் படலம் ஈர்க்கைச் சுற்றி வழிவிட்டு உடனே மீண்டும் கூடிக்கொள்ளும். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. இதைச் செய்யாமல் அயலவரோடு சண்டைக்குப் போவதற்குத்தான் செலவாகும்.

தண்ணீர் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வருகிறது

தொட்டியில் ஒட்சிசன் தீர்ந்துவிட்டது. ஒட்சிசன் இல்லாதபோது தண்ணீரிலுள்ள சல்பேற்றைப் பயன்படுத்தும் வேறு வகைப் பற்றீரியா மேலெழும்; அவை வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டே நாற்றத்துக்கும், இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறத்துக்கும் காரணம்.

முதலில் எச்சரிக்கை. இந்த வாயு குறைந்த செறிவில் நாறும். செறிவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி எவரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவதே இத்தகைய விபத்துகளின் வழமை. பெற்றோல் ஆவியும் தேங்கியிருக்கக்கூடும் என்பதால் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் இருக்கலாகாது.

பின்னர் காரணத்தைத் தேடுங்கள். காற்றை ஊதும் புளோவர் ஓடுகிறதா என்று காதால் மட்டும் கேட்டால் போதாது. குமிழி தொட்டி முழுவதும் ஒரே சீராக எழுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பெரிய குமிழிகள் கொப்பளித்தால் அங்கே காற்றுக்குழாய் கிழிந்திருக்கிறது, மற்ற இடங்களில் துளைகள் அடைபட்டிருக்கின்றன. வன்மையான தண்ணீர் அந்தத் துளைகளில் சுண்ணாம்பாகப் படிந்து இறுகும். எண்ணெய் இறப்பரை ஊதச் செய்யும். கச்சான் வீசும் காலத்தில் புழுதி புளோவரின் காற்று வடியை மூடிவிடுவது இங்கே மிகவும் சாதாரணமான காரணம். வடியைக் கழற்றித் தட்டியதோடு நாற்றம் அடங்கிய தொட்டிகள் பல உண்டு என்பதால், மற்ற எதையும் தொடுவதற்கு முன்னர் அதைப் பாருங்கள்.

மானியை இறக்கிப் பார்த்தால் தொட்டியின் எல்லாப் பக்கத்திலும் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமளவில் நிற்க வேண்டும். ஆடி, ஆவணி வெயிலில் அது இறங்குவதற்கு இரு காரணங்கள் சேர்ந்து வருகின்றன: சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே கரைக்கும், அதே சூட்டில் பற்றீரியா வேகமாகவும் சுவாசிக்கும். தொட்டிக்கு மேல் கிடுகுக் கூரை போடுவது கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீர் 40 பாகை செல்சியசை நெருங்கினால் பற்றீரியா தளரும் என்பதால் அது செலவு குறைந்த நல்ல ஏற்பாடு.

மின்தடைக்குப் பின்னர் மீளத் தொடங்கும்போது பலரும் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். சில மணி நேரம் காற்றில்லாமல் இருந்ததால் உயிர்ச்சேறு செத்துவிடாது. புதிய கழிவுநீரை நிறுத்திவைத்து, காற்றை மட்டும் ஓடவிட்டு, கறுப்பு மறைந்து கபில நிறம் திரும்பும்வரை பொறுத்திருங்கள். அதன் பின்னர் பாதி அளவில் தொடங்குங்கள். நாற்றம் அடிக்கும் தொட்டிக்குள் அன்றைய கழிவுநீர் முழுவதையும் விடுவது, மூச்சுத் திணறுபவனுக்குச் சோறூட்டுவது போன்றது.

உயிர்ச்சேறு படியவில்லை

அளவுச்சாடியைக் கையிலெடுக்க வேண்டிய இடம் இது. காற்றூட்டல் தொட்டியிலிருந்து ஒரு லீற்றரை எடுத்து, வெயில் படாத மேசையில் வைத்து, அரை மணி நேரம் அருகிலேயே இருந்து பாருங்கள். நலமான உயிர்ச்சேறு முதல் ஐந்து நிமிடத்திலேயே பஞ்சுப் பொதிகளாகத் திரளத் தொடங்கும். பொதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே போர்வையாகக் கீழிறங்க, மேலே தெளிந்த தண்ணீருக்கும் கபிலப் போர்வைக்கும் இடையே கோடு கிழித்ததுபோல எல்லை தெரியும். அரை மணி முடிவில் போர்வை எத்தனை மில்லிலீற்றரில் நிற்கிறது என்பதைக் குறித்து, அதை 1000 ஆல் பெருக்கி, தொட்டியிலுள்ள உயிர்ச்சேற்றுத் திண்மத்தின் செறிவால் வகுத்தால் படிவுச் சுட்டி வரும். 300 மில்லிலீற்றரும் லீற்றருக்கு 2500 மில்லிகிராம் திண்மமும் என்றால் சுட்டி 120. இது நல்ல நிலை. 150ஐத் தாண்டினால் கவலைப்படத் தொடங்க வேண்டும். திண்மத்தை அளக்கும் வசதி இல்லாதவர்கள் மில்லிலீற்றர் அளவை மட்டும் நாள்தோறும் எழுதினாலும் போக்கு தெரியும்.

அதே சாடி நான்கு விதமான பிழைகளைக் காட்டும்.

மேல் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தும் போர்வை இறங்காமல் பாதிக்கு மேல் நின்றால், இழைப் பற்றீரியா பெருகிப் பொதிகளை நெருங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஒட்சிசன் குறைவு, சல்பைட்டு, ஊட்டக் குறைவு ஆகியவை இவற்றை வளர்ப்பவை. போர்வை வழுவழுப்பாக, விரலில் சளிபோல ஒட்டினால் ஊட்டக் குறைவே என்று ஏறத்தாழத் துணியலாம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அழகாகப் படிந்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே எழுந்தால், அடியில் ஒட்சிசனற்ற சேறு நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றுகிறது. ஈர்க்கால் குத்தினால் குமிழி வெளியேறிக் கட்டி மறுபடி தாழும். உயிர்ச்சேறு நலமாகத்தான் இருக்கிறது. படிவுத் தொட்டியில் அது அதிக நேரம் கிடக்கிறது என்பதே பிழை. காற்றூட்டல் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்பை அடிக்கடி ஓடவிடுங்கள். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டவர்களுக்கும் இக்குறி தோன்றும்.

பெரும்பகுதி வேகமாகப் படிந்து, மேல் தண்ணீரில் மட்டும் ஊசிமுனையளவு துகள்கள் மிதந்தால் உயிர்ச்சேறு முதுமையடைந்திருக்கிறது அல்லது பட்டினி கிடக்கிறது, சிறிதளவை வெளியேற்றுங்கள்.

மேல் தண்ணீர் முழுவதும் மங்கலாகக் கலங்கிப் பொதியே உருவாகவில்லையென்றால், நச்சுப் பொருள் சேர்ந்திருக்கக்கூடும். அது தனிக் குறி, பின்னர் வருகிறது.

எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் மாசு குறையவில்லை

விவசாயம் தெரிந்தவருக்கு இதை விளக்குவது இலகு. எண்ணெய்க் கழிவுநீரில் காபன் நிறைய உண்டு. நைதரசனும் பொசுபரசும் ஏறக்குறைய இல்லை. பற்றீரியா தன் உடலைக் கட்ட அவை இரண்டும் வேண்டும். வழமையான விகிதம், பீ.ஓ.டி. (மாசைப் பற்றீரியா சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு) 100 பங்குக்கு நைதரசன் 5, பொசுபரசு 1. நாளொன்றுக்கு 2000 லீற்றர் கழிவுநீர், லீற்றருக்கு 300 மில்லிகிராம் பீ.ஓ.டி. என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 600 கிராம் பீ.ஓ.டி. வருகிறது, அதற்கு நைதரசன் 30 கிராமும் பொசுபரசு 6 கிராமும் தேவை. யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால் ஏறத்தாழ 65 கிராம் யூரியாவும், டி.எஸ்.பி. என்னும் பொசுபரசுப் பசளையில் ஐந்தில் ஒரு பங்கு பொசுபரசு என்பதால் ஏறத்தாழ 30 கிராம் டி.எஸ்.பி.யும் போதும். டி.எஸ்.பி.யை முதல் நாளே வாளியில் ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் விடுங்கள். கட்டியாகப் போட்டால் அடியிலேயே கிடக்கும். வயலுக்கு வீசும் கைப்பழக்கத்தில் கிலோக்கணக்கில் கொட்டுவது வீண்செலவு மட்டுமன்று. வெளியேறும் அமோனியாவும் நைத்திரேற்றும் கிணற்றுக்குப் புதிய மாசாகும்.

பசளை இறக்குமதிக்கு 2021இல் தடை வந்ததைப் போன்ற காலங்களில் மாட்டுச் சாணக் கரைசலை நாடுவது இயல்பு. அதில் நைதரசனும் பொசுபரசும் உண்டு, பற்றீரியாவும் உண்டு. ஆனால் நாரும் கூடுதலான பீ.ஓ.டி.யும் சேர்ந்தே வரும். துணியால் வடிகட்டிச் சிறிதளவாக விட்டால் சமாளிக்கலாம். நிலையத்தின் மலசலகூடக் கழிவுநீர் ஏற்கெனவே இத்தொட்டிக்குள் வருமானால், அதிலேயே போதிய நைதரசன் இருக்கக்கூடும் என்பதால் அளந்த பின்னரே யூரியாவைத் தொடுங்கள்.

இந்த இடத்தில்தான் "பற்றீரியாத் தூள்" விற்பவர்கள் வருகிறார்கள். சூடோமோனாசு, அசினெற்றோபாக்டர், றொடோகொக்கசு முதலிய ஐதரோகாபன் தின்னும் பற்றீரியாக்கள் எண்ணெய் சிந்திய எந்தக் கராஜ் மண்ணிலும் ஏற்கெனவே வாழ்கின்றன. அலாஸ்காவில் 1989இல் எக்சான் வால்டீஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, கடற்கரையில் நைதரசனும் பொசுபரசும் கொண்ட பசளை இட்டதே அங்கேயே வாழ்ந்த பற்றீரியாவின் வேலையைத் துரிதப்படுத்தியது. வெளியிலிருந்து கொண்டுபோய்த் தூவிய பற்றீரியாக் கலவைகள் குறிப்பிடத்தக்க மேலதிகப் பயனைத் தரவில்லை. எண்ணெய் தின்பதில் பேர்பெற்ற அல்கனிவோரக்ஸ் கடல்வாழ் பற்றீரியா. உப்பில்லாத தொட்டியில் அதனால் பயனில்லை. தூளுக்குக் கொடுக்கும் காசை முதலில் காற்றுக்கும் பின்னர் ஊட்டத்துக்கும் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. புதிதாகத் தொடங்கும் தொட்டிக்கு, நன்றாக ஓடும் வேறொரு தொட்டியின் உயிர்ச்சேறு இரண்டு பரல் கிடைத்தால் அதைவிடச் சிறந்த வித்து இல்லை.

நுரை

வெள்ளை நுரை, காற்றில் பறக்குமளவு இலேசானது: சவர்க்காரம், அல்லது தொட்டி இன்னும் இளமையாக இருக்கிறது. பொறுத்திருந்தால் குறையும். கபில நிறமான, தடித்த, கையில் பிசுபிசுக்கும் நுரை: எண்ணெயை விரும்பும் நொக்கார்டியா வகை இழைப் பற்றீரியா. அதைத் தண்ணீர் பீச்சிக் கலைத்தால் மறுபடி வரும். வழித்தெடுத்துத் தொட்டிக்கு வெளியே அகற்ற வேண்டும், உயிர்ச்சேற்றையும் வழமையைவிடச் சற்று அதிகமாக வெளியேற்ற வேண்டும், முந்திய தொட்டியிலிருந்து எண்ணெய் வருவதையும் நிறுத்த வேண்டும். நுரையை அடக்க மண்ணெண்ணெய் தெளிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நுரை அடங்கும், அன்று பின்னேரம் ஆய்வுக்கு எடுத்த மாதிரியில் அந்த மண்ணெண்ணெய் நிற்கும்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று திடீரெனக் கலங்கிவிட்டது

கரைந்த ஒட்சிசனை அளந்து பாருங்கள். புளோவர் அதே வேகத்தில் ஓட, ஒட்சிசன் வழமையைவிட ஏறியிருந்தால் அது நல்ல செய்தியன்று: சுவாசிக்க ஆளில்லை என்பதே பொருள். உறுதிப்படுத்த, தொட்டித் தண்ணீரை வாயகன்ற போத்தலில் நிறைத்து மானியை உள்ளே விட்டு, காற்றுப் புகாமல் மூடி, மெதுவாகக் கலக்கியபடி பத்து நிமிடம் அளவீட்டைப் பாருங்கள். உயிருள்ள தொட்டியில் எண் கண்முன்னே இறங்கும். நஞ்சேறிய தொட்டியில் அசையாமல் நிற்கும்.

அடுத்து, முந்திய நாள் என்ன ஊற்றப்பட்டது என்று வேலை செய்யும் பொடியன்களிடம் அதட்டாமல் கேளுங்கள். அதட்டினால் விடை வராது. மாற்றிய பற்றரியின் அமிலம், பிரேக் கழுவும் திரவம், நிலத்துக்குப் போட்ட குளோரின் தூள், பெயின்ற் கரைப்பான் ஆகியவற்றுள் ஒன்றாகவே அநேகமாக இருக்கும். பெரிய ஆலைகளில் இதே குறியை உண்டாக்குபவை திடீரெனச் செறிவேறும் பீனோலும், சல்பைட்டைக் கழுவிய எரிகாரக் கழிவும். பீனோலைப் பற்றீரியா தின்னும், ஆனால் பழக்கப்பட்ட அளவில்; ஒரேயடியாக வந்தால் அதுவே கொல்லும்.

வரவை உடனே நிறுத்துங்கள். பீ.எச். 6.5இற்கும் 8.5இற்கும் இடையில் இல்லாவிட்டால் முதலில் அதைத் திருத்துங்கள். அமிலமென்றால் சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாக விடலாம். குளோரின் என்றால் காற்றோட்டத்திலேயே பெரும்பகுதி போய்விடும். கரைப்பான் என்றால் தண்ணீரின் ஒரு பகுதியைத் தனித் தொட்டிக்கு மாற்றிவைத்து, பிறகு துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். அதைக் காணுக்குள் திறந்துவிடுவது சட்டப்படியும் குற்றம். பின்னர் புதிய உயிர்ச்சேற்றை வித்தாக இட்டு, கால்பங்கு வரவிலிருந்து ஏறுங்கள்.

மாரி மழையில் தோன்றும் கலக்கம் வேறு. கார்த்திகை, மார்கழியில் முற்றத்து வெள்ளம் காணுக்குள் புகுந்தால் உயிர்ச்சேறு அடித்துக்கொண்டு போய்விடும். கழுவும் மேடைக்குக் கூரையும் அதைச் சுற்றி அரையடி வரம்பும் போட்டால் முடிந்தது.

தண்ணீர் தெளிவு, அறிக்கை மோசம்

மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்துக்காக அனுப்பும் மாதிரியில், உள்நாட்டு மேற்பரப்பு நீருக்குள் விடும் கழிவுநீருக்கான எல்லைகள் பார்க்கப்படும்: லீற்றருக்குப் பீ.ஓ.டி. 30, சீ.ஓ.டி. (மாசை இரசாயனத்தால் ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு) 250, எண்ணெயும் கிறீசும் 10 மில்லிகிராம். எண்ணெய் அளவு நம்ப முடியாமல் ஏறியிறங்கினால் மாதிரி எடுத்த விதத்தைச் சந்தேகியுங்கள். எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டும். ஆகவே கண்ணாடிப் போத்தல் வேண்டும். மாதிரித் தண்ணீரால் போத்தலை அலசக் கூடாது, ஒரு போத்தலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றவும் கூடாது, எடுத்தவுடன் அமிலமிட்டுக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். கிளிநொச்சியிலிருந்து வெயிலில் பேருந்தில் அனுப்பிய சோடாப் போத்தல் எதையும் நிரூபிக்காது.

பீ.ஓ.டி. குறைந்தும் சீ.ஓ.டி. மட்டும் உயர்ந்து நின்றால், பற்றீரியா தன்னால் முடிந்ததைத் தின்று முடித்துவிட்டது. எஞ்சியது ஒயிலில் சேர்க்கும் இரசாயனங்களும் கனமான ஐதரோகாபன்களும். அவற்றை மேலும் காற்றூட்டிப் பயனில்லை. செயற்படுத்திய கரி வடி வைக்கலாம். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. இடமிருந்தால் சம்புப் புல் நட்ட சல்லிப் படுக்கையினூடாகக் கடைசித் தண்ணீரை மெதுவாக விடுவதும் உதவும்.

வெளியேற்றிய உயிர்ச்சேற்றைத் தென்னைக்கோ வயலுக்கோ போடாதீர்கள். தேய்ந்த எஞ்சின்களிலிருந்து வந்த துத்தநாகமும் ஈயமும் பற்றீரியாவால் சிதையாதவை. அவை சேற்றில்தான் கூடியிருக்கும். காயவைத்து, கழிவு ஒயிலோடு சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

அயல் கிணற்றில் எண்ணெய் வாசம்

இது தொட்டியின் பிழைகளுள் ஒன்றாகக் கணிக்கத்தக்கதன்று. கழுவுவதை அன்றே நிறுத்தி, தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி மட்டத்தைக் கோடிட்டு, ஒரு இரவில் எது இறங்குகிறது என்று பாருங்கள். கசிவது அநேகமாக மண் பிடிக்கும் குழியின் அடியாகவோ, தொட்டிகளை இணைக்கும் குழாயின் மூட்டாகவோ இருக்கும். நிலத்துக்குக் கீழே போன எண்ணெயையும் பற்றீரியா சிதைக்கும்தான். ஆனால் அங்கே ஒட்சிசன் போய்ச் சேர்வதில்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் இழுபடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தபோது, முறைப்பாடுகள் எழுந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவதே இங்கே எல்லாக் கிணற்று நோய்க்கும் செய்யும் மருத்துவம். எண்ணெய்க்கு அது பயன்படாது: குளோரின் ஐதரோகாபனை அகற்றாது, அதைத் தின்னக்கூடிய பற்றீரியாவை மட்டும் கொல்லும். இறைத்த தண்ணீரை வளவுக்குள் ஊற்றினால் அது திரும்பவும் அதே கிணற்றுக்கே ஊறும். கொதிக்கவைப்பதாலும் குடிக்கத்தக்கதாகாது. அக்கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்தச் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் அறிவித்து, கண்ணாடிப் போத்தலில் எடுத்த மாதிரியைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கிணற்றுக்காரரின் வீட்டுக்கு நிலைய உரிமையாளர் தாமே மாற்றுத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்க வேண்டும்; அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.